பச்சைப் பட்டில் ஏழு பேர்

மஞ்சக்குப்பத்தில் மீன் விற்கும் எங்கள் பக்கத்து வீட்டுப் பொன்னி அக்காவை ஏமாற்ற இந்தியாவிலேயே ஆள் கிடையாது. மீனோட கண்ணைப் பார்த்தே எந்தப் படகு, எந்த வலை, எத்தனை மணிக்குச் செத்தது, சாகும்போது என்ன நினைச்சதுங்கிற வரைக்கும் சொல்லிடுவாங்க. சி.பி.ஐ.காரங்க அவுங்ககிட்ட டியூஷன் வரணும்.

அப்பேர்ப்பட்டவங்களுக்கு ஒரே ஒரு மூஞ்சி தெரியாது. பெத்த அம்மா மூஞ்சி.

மூணு வயசுல அம்மா தவறிட்டாங்க. வீட்டில் ஒரு படம்கூட இல்லை. 2004 டிசம்பரில் அவுங்க அப்பாவுக்கு ஏதோ சொந்தக்காரர் வீட்டில் அம்மா போட்டோ ஒண்ணு கிடைச்சிருக்கு. மகளுக்குக்கூடக் காட்டாம, பெருசா வரையக் குடுத்துட்டு வந்தாரு. "பொங்கலுக்கு உங்கம்மா வீட்டுக்கு வந்துடுவா, பாரு" ன்னாரு. எந்தக் கடைன்னு சொல்லலை. பொங்கலுக்கு முன்னாடி சுனாமி வந்து அவரைக் கொண்டுபோயிடுச்சு.

ஏழு வருசம் அக்கா கடலூர் ஸ்டுடியோ ஒண்ணு விடாம ஏறி இறங்கினாங்க. போன வாரம்தான் அப்பாவோட கூட்டாளி தேவநாதன் ஞாபகம் வந்து சொன்னாரு: "அது சிதம்பரம் கீழவீதி, ராமாமிர்தம் கடை."

திங்கட்கிழமை நானும் கூடப் போனேன். படம் வரையும் ராமாமிர்தம் செத்துப்போய், மகன் செந்தமிழ்செல்வன் கடையைக் காலி பண்ணிக்கிட்டிருந்தான். யாரும் வாங்க வராத பொம்பளைப் படம் ஏழு. ஏழு பேரும் பச்சைப் பட்டு, ஒரே அட்டிகை, ஒரே மூக்குத்தி.

"யாரு செத்தாலும் எங்கப்பா பச்சைப் பட்டுதாங்க கட்டி விடுவாரு" ன்னான்.

"எங்கம்மாவுக்கு இடது புருவத்துல வெட்டுத் தழும்பு இருக்குமாம் தம்பி."

"தழும்பெல்லாம் வரைய மாட்டாருக்கா. செத்த பொறவாவது மொகம் சுத்தமா இருக்கட்டும்னுவாரு. போட்டோ எல்லாம் கரையானுக்குப் போச்சு. வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்கு சாவி குடுக்கணும். மீதி குப்பைக்குத்தான், ஏழையும் எடுத்துக்கங்களேன்."

"ஊரார் அம்மாவுக்கெல்லாம் நான் எப்பிடிடா மாலை போடுறது?"

மூணு மணி நேரம் ஒவ்வொரு மூஞ்சியா கையில் ஏந்தி, தன் மூக்கைத் தடவி, அந்த மூக்கைத் தடவிப் பார்த்தாங்க. அப்புறம் தரையில் உட்கார்ந்துட்டாங்க. "எந்த மீனையும் தெரியுதுடா எனக்கு."

வாத்தியார் பையில் உயிரோட நண்டு விட்டு எட்டாவதோட பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். எனக்கே தாங்கலை.

ராமாமிர்தம் படத்து முதுகில் பென்சிலால் பேரும் ஊரும் எழுதுவாராம், மகன் அப்பதான் சொன்னான். "முதுக நான் பாக்குறேன், நீங்க உக்காருங்க" ன்னேன். ஏழிலும் அழுக்குதான் இருந்தது. நாலாவதில் நானே எழுதி, பழசாத் தெரிய எச்சில் தொட்டுத் தேய்ச்சு, "அக்கா!" ன்னு கத்தினேன்.

அஞ்சலாட்சிங்கிற அம்மா பேரைப் படிச்சதும் அக்காவுக்குக் கண்ணு மறைச்சிடுச்சு. பஸ்ஸில் கடலூர் வரைக்கும் அதை மடியிலேயே வச்சிருந்தாங்க.

வெள்ளிக்கிழமை மத்தியானம் கூப்பிட்டு அனுப்பினாங்க. மாலை போட எடுத்த படம் குப்புறக் கிடந்தது.

"கதிரவா, இத வாசி."

"அஞ்சலாட்சி, சுனாமி குடியிருப்பு, தேவனாம்பட்டினம்." ஏழு வருசமா எல்லா மனுவிலும் எழுதிப் பழகின எங்க வீட்டு விலாசம். கை பாட்டுக்கு எழுதியிருக்கு.

"சுனாமி வர்றதுக்கு முன்னாடியே எங்கப்பாவுக்குக் குடியிருப்புல வீடு குடுத்துட்டாங்களாடா?"

அடி விழும்னு கையால தலையை மறைச்சேன். அடிக்கலை. கூடையிலிருந்த மீனை அப்படியே கொட்டிட்டு, கூடையை என் தலையில் கவிழ்த்தாங்க.

"மணி ரெண்டு. அவன் குப்பையில போடுறதுக்குள்ள மீதி ஆறு பேரையும் கூட்டியாரணும். ஓடுடா, பஸ்ஸ நிறுத்து."