தலைகீழாக நின்ற ஆடு

கெஸையா தர்லோவுக்குக் கண் போய் மூன்று வருஷமாகிறது. இது தெரிந்தவர்கள் இரண்டே பேர்: அவளும், பக்கத்து வீட்டுக்காரியான நானும். இங்கிலாந்தின் சஃபோக்கில் எங்கள் ஊர்த் தர்ம வீடுகள் பன்னிரண்டும், முந்நூறு வருஷத்துக்கு முன் கம்பளி வியாபாரி டில்லெட் விதவைகளுக்கென்று கட்டிவைத்தவை. குடியிருப்பவளுக்குக் கண் தெரிய வேண்டும், படிக்கத் தெரிய வேண்டும். இல்லையென்றால் ஊர்க்கோடியில் ஏழைகளை அடைத்து வைக்கும் விடுதிதான். எங்களோடு குடியிருந்து அங்கே போன ஹன்னாவை அப்புறம் சவப்பெட்டியில்தான் பார்த்தோம்.

கெஸையா நாற்பது வருஷம் ஊரார் துணியை வெளுத்தவள். வெந்நீர் ஆவிதான் கண்ணைத் தின்றுவிட்டது என்பாள். அடிகுழாய்க்குப் பதினேழு தப்படி என்று எண்ணி நடப்பாள். கோப்பைக்குள் விரலை விட்டுக்கொண்டு தேநீர் ஊற்றுவாள். யாராவது கதவைத் தட்டினாலே அவளுக்கு உயிர் போய் உயிர் வரும்.

செப்டம்பர் கடைசியில் வரும் ஒவ்வொரு மிக்கேல் திருநாளன்றும் ஒரு வீட்டுக்காரி டில்லெட்டின் ஜெபத்தை அட்டையைப் பார்த்து வாசிக்க வேண்டும். இந்த வருஷம் ஐந்தாம் வீடு, அவள் முறை. வருஷா வருஷம் காதில் விழுந்ததை வைத்து நான் சொல்லிக்கொடுத்தேன். அவள் மனப்பாடம் செய்தாள்.

திருநாளன்று சிற்றாலயத்தில் எழுந்து நின்றாள். பக்கத்தில் இருந்த நான் அட்டையைப் பார்த்தேன். அட்டையின் உச்சியில் இருக்க வேண்டிய டில்லெட்டின் ஆட்டுப் படம், அடியில் கால்களைத் தூக்கிக்கொண்டு கிடந்தது. தலைகீழாகப் பிடித்திருக்கிறாள் பாவி!

"...என் ஆத்துமாவுக்காகவும் என் ஆடுகளுக்காகவும் வேண்டிக்கொள்ளுங்கள்" என்று முடித்தாள்.

தர்மகர்த்தா பிரெண்டிஸ் எழுந்தார். "ஆடா? சனங்க சிரிக்கிறாங்கன்னு இந்த வருஷப் புது அட்டையில அந்த வரியையே எடுத்தாச்சே! என்னத்தம்மா படிச்சீங்க? அட்டையை இப்படிக் கொண்டாங்க."

கெஸையாவின் முகத்தில் ரத்தமே இல்லை. நான் எழுந்துவிட்டேன்.

"ஐயா, ஆட்டை விட்டுட்டா இந்த வீடெல்லாம் டில்லெட்டோட தம்பி வம்சத்துக்குப் போயிடும்னு உயில்லயே இருக்கே. நீங்க படிச்சதில்லையா? ஏதோ இவளாவது உங்க மானத்தைக் காப்பாத்தினா!"

மனிதர் உயிலைத் தொட்டே பார்த்ததில்லை. "சரி... ஆடு இருக்கட்டும்" என்று உட்கார்ந்துவிட்டார்.

வெளியே வந்ததும் கெஸையா என் கையைப் பிடித்தாள். "உயில்ல நெசமாவே அப்படியாடி இருக்கு? எப்ப படிச்சே?"

"எனக்கு எங்கடி படிக்கத் தெரியும்? எழுத்துக்கூட்டக்கூட வராது. வாய்க்கு வந்ததை அவிழ்த்துவிட்டேன்."

அவள் சிரிக்கவில்லை. "அடுத்த வருஷம் ஆறாம் வீட்டு முறைடி" என்றாள்.

ஆறாம் வீடு என்னுடையது. "ஆட்டை மேலே வச்சுப் பிடிக்க மட்டுந்தான்டி எனக்குத் தெரியும்" என்றேன்.