கார் மேல் வைத்த ரசமட்டம்

என் அத்தான் டைல்ஸ் ஒட்டுபவர். அவர் ஒட்டிய கூடத்தில் ஒரு கோலிக்குண்டை வைத்தால் வைத்த இடத்திலேயே நிற்கும். கோணலாக எதைக் கண்டாலும் அவருக்குப் பொறுக்காது. விருந்துக்குப் போன வீட்டில் சுவர்க் கடிகாரம் சாய்ந்திருந்தால், பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய் அதை நிமிர்த்திவிட்டு வருவார். "இவரைக் கட்டிக்கிட்ட பாவத்துக்கு நான் படுக்கிறதும் நேராத்தான் படுக்கணும்," என்று அக்கா சிரிப்பாள். அக்காதான் அவருக்குச் சித்தாள். சிமெண்ட் குழைப்பது, இடுக்கில் பூச்சு நிரப்புவது, முட்டி போட்டுத் துடைப்பது எல்லாம் அவள். என் ஜன்னலைத் திறந்தால் அவர்கள் வாசல். அதனால் இதில் நான் கேள்விப்பட்டது கொஞ்சம், பார்த்ததே அதிகம்.

பழைய கார் ஒன்று வாங்கினார். தன் முகம் துடைக்கிற துண்டாலேயே அதையும் துடைப்பார். சீட் கிழிந்துவிடுமே என்று டைல்ஸ் பெட்டிகளை உள்ளே ஏற்ற மனசு வரவில்லை. பின்னால் கட்டி இழுக்க, இரண்டு சக்கர டிரெய்லர் ஒன்று செய்யச் சொன்னார். கொக்கி மாட்டிக் கொடுத்த வெல்டர் படித்துப் படித்துச் சொன்னார். அக்காவும் பக்கத்தில் நின்று கேட்டாள்.

"கனமான சரக்கு டிரெய்லர் சக்கரத்துக்குக் கொஞ்சம் முன்னாடி வரணும். காரோட பின்பக்கம் லேசா அமுங்கணும், அப்பத்தான் பிடிமானம். வால்ல பாரம் ஏத்தினா ஆட ஆரம்பிக்கும். ஆடினா பிரேக்கை மிதிச்சிடாதீங்க. ஆக்ஸிலேட்டர்லருந்து காலை எடுங்க, ஸ்டியரிங்கை நேரா பிடிங்க. தானா அடங்கும்."

அத்தான் தலையாட்டினார். தலையாட்டுவதில் அவரை யாரும் மிஞ்ச முடியாது.

முதல் நாள் வெல்டர் சொன்னபடியே ஏற்றிவிட்டுத் தள்ளி நின்று பார்த்தார். காரின் பின்பக்கம் கொஞ்சம் அமுங்கியிருந்தது. அவர் முகம் சுண்டிப்போயிற்று. தரையின் மட்டம் பார்க்கிற ரசமட்டத்தை உள்ளேயிருந்து எடுத்துவந்து காரின் கூரைமேல் வைத்தார். அதற்குள்ளிருந்த குமிழி ஒரு பக்கம் ஓடியது. அது நடுவுக்கு வரும்வரை பெட்டிகளை ஒவ்வொன்றாக டிரெய்லரின் பின்பக்கம் நகர்த்தினார்.

"பாவம், முதுகு வலிச்சிருக்கும் அதுக்கு," என்றார்.

"எனக்கு முதுகு வலிச்சப்ப இந்தக் கரிசனம் எங்க போச்சு?" என்றாள் அக்கா. மூன்று பேரும் சிரித்தோம்.

கொஞ்ச நாளில் அக்காவின் பேச்சு குறைந்தது. "கண்ணாடியில பார்த்துக்கிட்டே வர்றேன்டி. பின்னாடி அது நாய் மாதிரி வாலாட்டுது. முதல்ல மெதுவாத்தான் ஆட்டுது," என்றாள். அத்தானைக் கேட்டால் காற்று என்றார். இன்னொரு நாள் ரோடு சரியில்லை என்றார். வேகத்தைக் குறைத்தால் ஆட்டம் நின்றுவிடும். அதனால் மெதுவாகப் போனால் போதும் என்று அவராகவே முடிவு கட்டிக்கொண்டார்.

"நீ போகாதேக்கா. வேற ஆளைக் கூட்டிட்டுப் போகட்டும்."

"நான் பக்கத்துல இருக்கும்போதே இப்படி. தனியா விட்டா?" என்றாள்.

அப்புறம் மலைக்கு அந்தப் பக்கம் ஒரு வேலை வந்தது. வழியில் நீண்ட இறக்கம். அன்று காலை அக்கா முந்திக்கொண்டு தானே பெட்டிகளை முன்பக்கமாக அடுக்கினாள். வீட்டைப் பூட்ட அவள் உள்ளே போனதுதான் தாமதம், அத்தான் எல்லாவற்றையும் பின்னால் மாற்ற ஆரம்பித்தார்.

"அத்தான்! அக்கா வெச்சதை ஏன் மாத்துறீங்க?" ஜன்னலிலிருந்து கத்தினேன்.

"சும்மா இரும்மா. எப்படிக் கூன் போட்டுட்டு நிக்குது பாரு."

அக்கா வந்து பார்த்தாள். "இன்னும் ரெண்டு பெட்டியாவது முன்னாடி வைங்க," என்றாள்.

"நேரமாச்சு, ஏறு."

ஏறிவிட்டாள்.

மிச்சத்தை ஆஸ்பத்திரியில் அத்தானே சொன்னார். இறக்கத்தில் கார் தானாக வேகமெடுத்தது. டிரெய்லர் ஆடியது, பிறகு காரையும் சேர்த்து ஆட்டியது. "பிரேக் வேண்டாம், காலை எடுங்கன்னு சொன்னா. கத்தக்கூட இல்லம்மா, சாதாரணமாத்தான் சொன்னா. என் கால்தான் கேக்கலை." பிரேக்கை மிதித்ததும் டிரெய்லர் பக்கவாட்டில் சுழன்று வந்து காரைத் தள்ளியது. அக்கா உட்கார்ந்திருந்த பக்கம் பாலத்துச் சுவரில் மோதியது. அவருக்குக் கை முறிந்தது. அக்கா அங்கேயே போய்விட்டாள்.

எனக்கு அவர்மேல் கோபம் தீரவில்லை. தீரும் என்றும் தோன்றவில்லை. பிழைக்க வேண்டுமே, கை கூடியதும் அவர் வேலைக்குக் கிளம்பிவிட்டார். இப்போது வேறு கார், வேறு டிரெய்லர். காலையில் சரக்கை ஏற்றிவிட்டு என் ஜன்னலுக்குக் கீழே வந்து நிற்கிறார்.

"கொஞ்சம் வந்து பாரும்மா."

போய்ப் பார்ப்பேன். எல்லாப் பெட்டியும் அதனதன் இடத்தில் இருக்கும், இரண்டைத் தவிர. அந்த இரண்டு மட்டும் கடைசியில், வாலில் இருக்கும். முதலில் மறதி என்றுதான் நினைத்தேன். தினமும் அதே இரண்டு பெட்டி, அதே இடம் என்றால் அது என்ன மறதி?

"இன்னும் ரெண்டு பெட்டியாவது முன்னாடி வைங்க," என்கிறேன்.

"சரிம்மா," என்று மறுபேச்சில்லாமல் தூக்கி வைக்கிறார்.