அசையாத எலுமிச்சம்பழம்

ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த எலுமிச்சம்பழத்தை லாரியின் பலகைத் தளத்தில் நட்டநடுவே வைத்துவிட்டு, சேஷகிரி கைகளைப் பின்னால் கட்டிக்கொள்கிறார். பால் வாங்கப் போகிறவரோ, நாயைக் கூட்டிக்கொண்டு வருகிறவரோ, அந்த நேரத்தில் தெருவில் அகப்பட்டவர் நின்றுதான் ஆகவேண்டும். “பாருங்கோ. உருள்றதா? ஒரு இம்மி அசையறதா?” பழம் அசைவதில்லை. பார்த்தவர் தலையை ஆட்டிவிட்டு நழுவுகிறார். பழம் அடுத்த ஆளுக்காகச் சட்டைப் பைக்குள் போகிறது. இவர் மனைவி ருக்குவுக்கு வீட்டில் ரசத்தில் பிழிய எலுமிச்சை மிஞ்சுவதே இல்லை.

சேஷகிரி ஒரு மென்பொருள் கம்பெனியில் தர நிர்ணயப் பிரிவின் தலைவர். அதாவது, மற்றவர்கள் செய்த வேலையில் கோணல் கண்டுபிடிப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவர். சம்பளம் இல்லாத நேரத்திலும் அதையேதான் செய்வார். ஒருமுறை துக்கம் விசாரிக்கப் போன வீட்டில், இறந்தவரின் படம் சாய்ந்திருக்கிறது என்று நாற்காலி கேட்டு வாங்கி, ஏறி, மாலையோடு நேராக்கிவிட்டு வந்தார். அழுதுகொண்டிருந்த பெண்கள் அழுகையை நிறுத்தி நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்கள்.

தொம்மலூரின் பழைய ஊர்ப்பக்கம் இவருடைய தெரு. மேலே கோயில், கீழே மெயின் ரோடு. பையன்கள் அங்கே கிரிக்கெட் ஆடுவதில்லை. தவறவிட்ட பந்தை மெயின் ரோட்டில் பஸ்களுக்கு நடுவேதான் பொறுக்கவேண்டும். சேஷகிரிக்கு மட்டும் அது சரிவாகத் தெரிந்ததில்லை. பிறந்ததிலிருந்து நடக்கிற தெரு. அவரைப் பொறுத்தவரை அது தெரு, அவ்வளவுதான்.

மூக்கு நீண்ட அந்தப் பழைய லாரியைச் சந்தாபுராவில் ஒரு காயலான் கடையின் பின்புறம் பார்த்து மயங்கி வாங்கினார். எஞ்சினுக்கு உயிர் வந்தது, கேபினுக்குப் பச்சை வர்ணம் வந்தது. பின்னால் சரக்கு ஏற்றும் தளம் மட்டும் மக்கி உதிர்ந்து போயிருந்தது. அதைப் புதிதாகக் கட்டவேண்டும். லாரி பாடி கட்டும் ஷங்கரின் ஷெட் பக்கத்திலேயே இருந்தது. சேஷகிரி உள்ளே போய்த் தரையைக் குனிந்து பார்த்தார்.

“என்ன ஷங்கர், தரையே மேடும் பள்ளமுமா இருக்கே! இங்க வெச்சுக் கட்டினா லெவல் எப்படி வரும்? வண்டியை எங்காத்து வாசல்லயே நிறுத்திக் கட்டிடலாம்.”

“சார் எப்பிடி சொன்னாலும் சரி. பாடி எங்க கட்டினாலும் பாடிதானே.”

“பாடின்னு சொல்லாதீங்கோ. பிளாட்பெட்.”

“சரி சார், பிளாட்பெட்.”

ஷங்கர் சேஷகிரியிடம் சொன்னது பெரும்பாலும் அந்த ‘சரி சார்’தான். லாரி தொம்மலூர்த் தெருவில், மூக்கு மெயின் ரோட்டைப் பார்க்க, சக்கரத்துக்குக் கீழே கல் முட்டுக் கொடுத்து நின்றது. சேசிஸின் மேல் இரும்புச் சட்டம், சட்டத்தின் மேல் தேக்குப் பலகை. பலகைக்குப் பலகை சேஷகிரி ரசமட்டத்தை வைத்தார். அதன் மேல் செல்போனை வைத்து, அதிலும் ஒரு மட்டம் பார்த்தார். முன்பக்கம் தாழ்வதாக இரண்டும் சொல்லின. “தூக்குங்கோ” என்றார். ஷங்கர் கட்டை வைத்துத் தூக்கினார். “இன்னும்.” இன்னும் தூக்கினார். கடைசியில் கேபின் பக்கம் சட்டத்துக்கடியில் ஒரு சாண் உயரத்துக்குக் கட்டை ஏறியிருந்தது. பின்பக்கம் விரற்கடைகூட இல்லை.

“முன்பக்கம் கொஞ்சம் தூக்கலா தெரியுது சார்.”

“அது உங்க கண்ணு. மட்டம் பொய் சொல்லாது.”

“சரி சார்” என்று ஷங்கர் போல்ட்டை முறுக்கிவிட்டுச் சாமான்களைச் சுருட்டினார்.

அதன்பிறகு தேக்குக்கு எண்ணெய் பூசுவதும் துணியால் தேய்ப்பதுமாகச் சேஷகிரியின் ஞாயிற்றுக்கிழமைகள் போயின. முகம் தெரியும்வரை தேய்த்தார். செருப்போடு யாரும் ஏறக்கூடாது. ஆணி, கயிறு என்ற வார்த்தைகளையே அதன் அருகில் சொல்லக்கூடாது. மகள் அனன்யா வீட்டுக்குப் பழைய பீரோ ஒன்றை அனுப்பவேண்டியிருந்தபோது, கீறல் விழும் என்று மறுத்துவிட்டார். வாடகை வேன் வந்தது. “லாரி வெச்சுண்டிருக்கற ஆத்துக்கு வாடகை வண்டி! ஊர்ல சொன்னா சிரிப்பா” என்றார் ருக்கு. ஊர் ஏற்கெனவே சிரித்துக்கொண்டுதான் இருந்தது.

ஆனால் சேஷகிரி அந்த லாரியை ஒரு காரியத்துக்காக வளர்த்து வந்தார். நவம்பர் முதல் தேதி, கன்னட ராஜ்யம் உருவான நாளைக் கொண்டாடும் ராஜ்யோத்சவ ஊர்வலம். நான்கு தலைமுறையாக இந்தத் தெருவில் இருக்கிறார்கள். இவர் கன்னடத்தில் கனவு காண்பவர். இருந்தும் வீட்டுக்கு இன்றைக்கும் பெயர் ‘தமிழ் மேஷ்ட்ரு மனை’. தாத்தா சர்க்கார் பள்ளியில் வாத்தியாராக இருந்தாராம். கன்னடத் தாயான புவனேஸ்வரியின் படம் அந்த ஊர்வலத்தில் தன் லாரியில் போய்விட்டால், ‘நம்ம சேஷகிரி’ என்று ஒருவராவது சொல்வார் என்று இவருக்கு ஆசை. இதைச் சொல்லும்போது கேலி செய்ய எனக்கே கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. ஆனால் அந்த ஆசையை இவர் நிறைவேற்றிக்கொண்ட விதத்தில் கூச்சம் போய்விடுகிறது.

வருஷா வருஷம் அந்தப் படம் போனது காய்கறி விற்கும் ஆஞ்சலாவின் லக்கேஜ் ஆட்டோவில். முதல் நாளே வெங்காயச் சருகைக் கழுவித் தள்ளி, வாழைக்கன்று கட்டி நிறுத்துவாள். சேஷகிரி தெருக் கமிட்டித் தலைவர் கிருஷ்ணப்பாவைப் பிடித்து, லாரியை ஒத்துக்கொள்ள வைத்தார்.

“என் வண்டில வெங்காய நாத்தம் அடிக்குதாமா சாமி?” என்று ஆஞ்சலா நேராகவே கேட்டாள்.

“அதெல்லாம் இல்லம்மா. உன் வண்டி ஒரு பக்கமா சாயறது. தேவி நேரா உக்கார வேண்டாமா?”

ஊர்வலத்தன்று காலை தேவி நேராகத்தான் உட்கார்ந்தாள். கயிறு கூடாது என்பதால் கட்டாமலே, பளபளக்கும் தேக்கின் மேல், பீடத்தோடு, ஆடாமல் அசையாமல். காலடியில் எலுமிச்சம்பழம். இரண்டு பக்கமும் கமிட்டி ஆட்கள் இருவர், ஷூவைக் கழற்றிவிட்டுச் சாக்ஸோடு. சிவப்பு மஞ்சள் கொடியைப் பிடித்திருந்த கிருஷ்ணப்பா தோளில் தட்டி, “நம்ம சேஷகிரி வண்டி! சும்மா சொல்லக்கூடாது ஸ்வாமி” என்றார். சேஷகிரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு ஸ்டியரிங்கில் உட்கார்ந்தார்.

லாரி தெருவை விட்டு இறங்கி, மெயின் ரோட்டில் திரும்பி, சமதரைக்கு வந்தது. கேபினின் பின்கண்ணாடியில் முதலில் அவர் பார்த்தது எலுமிச்சம்பழத்தை. அது கிளம்பியிருந்தது. அவசரமில்லாமல் உருண்டு, பின் விளிம்பில் விழுந்து மறைந்தது. அடுத்துத் தேவி, பீடத்தோடு, அதே நிதானத்தில் பின்னோக்கிப் புறப்பட்டாள். பிடிக்கப் போன சாக்ஸ்காரர்கள் இருவரும் அவளோடு சேர்ந்து வழுக்கினார்கள். பின்னால் வந்த டமாரக்காரர்கள் டமாரத்தைப் போட்டுவிட்டு இரண்டு கையையும் நீட்டினார்கள்.

“நில்லுங்க! நில்லுங்க! தாயி இறங்கிப் போறா!” என்று கத்தினார் கிருஷ்ணப்பா.

யாருக்கும் அடியில்லை. படத்துக்கும் சேதமில்லை. சேஷகிரி இறங்கி வந்து, செல்போனைத் தளத்தின் மேல் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். சரிவான தெருவில் நின்ற லாரிக்குத் தெருவையும் சேர்த்து மட்டம் பிடித்திருக்கிறோம் என்பது அவருக்கு அப்போதே புரிந்தது. காது நுனிவரை சிவந்துவிட்டது. ஆனாலும் நிமிர்ந்து, “இந்த ரோடே கோணல்” என்றார்.

“எல்லா வண்டியும் நேராத்தான் நிக்குது சாமி,” என்றாள் ஆஞ்சலா, “உங்களுது மட்டுந்தான் சாயுது.”

அவளுடைய லக்கேஜ் ஆட்டோ பின்னாலேயே வந்திருந்தது. கழுவி, வாழைக்கன்று கட்டித் தயாராகத்தான் வந்திருந்தது. இரண்டு கோணிகளை அண்டை கொடுத்துத் தேவியை உட்கார வைத்தார்கள். கயிறு போட்டு இறுக்கினார்கள். டமாரம் மறுபடி முழங்கியது. “நீங்க சும்மா பின்னால வாங்க ஸ்வாமி, பரவாயில்ல” என்று கிருஷ்ணப்பா தணிந்த குரலில் சொன்னார். அது கேலியாக இருந்திருந்தால் சேஷகிரி தாங்கியிருப்பார்.

காலி லாரி கடைசியில் வந்தது. சிக்னலில் நின்றபோது, பைக்கில் வந்த இளைஞன் ஒருவன் ஹெல்மெட்டைக் கழற்றினான். “சார், செம்ம வண்டி! பிளாட்பெட் நீங்களே டிசைன் பண்ணீங்களா? ஒரு போட்டோ எடுத்துக்கட்டுமா?”

சேஷகிரி எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கினார். டமாரக்காரர் ஒருவர் பொறுக்கிக் கொடுத்திருந்த பழம் சட்டைப் பையில் இருந்தது. வேட்டி நுனியால் அதன் மண்ணைத் துடைத்தார். எட்டித் தளத்தின் மேல் வைத்தார். அது உருளப் பார்த்தது. ஆள்காட்டி விரலால் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டு, மீதி உடம்பை விறைப்பாக நிமிர்த்தி, “ம், எடுத்துக்கோங்கோ” என்றார்.