காலிப் பெட்டிக்குக் காட்டிய கற்பூரம்

யுத்த காலத்தில் பெரம்பலூர்ப் பக்கம் பருத்தி அரைக்கும் மில் ஒன்றில் நான் ஒயர்மேன். டைனமோவிலிருந்து வரும் ஒயர்களை மோட்டாரோடு இணைக்கும் இரும்புப் பெட்டியை அரவைக் கொட்டகைக்குள் மாட்டுவது என் பொறுப்பு. அங்கே காற்றில் பாதி பஞ்சு. பெட்டிக்குள் பிசிறு புகுந்து, தளர்ந்த ஒயரில் ஒரு பொறி தட்டினால் போதும், கொட்டகையும் அதில் வேலை செய்யும் பெண்களும் சாம்பல்தான். அதனால் ஒவ்வொரு ஒயரையும் இழுத்துப் பார்த்து முடுக்கினேன். வேண்டாத துளைகளைத் திருகாணி போட்டு அடைத்தேன். மூடிக்கு அடியில் ரப்பர் வைத்து, ஒரு ஸ்க்ரூ விடாமல் இறுக்கினேன். எனக்குக் கர்வம் தாங்கவில்லை.

ஆயுத பூஜை நெருங்கியது. கரண்ட் பெட்டிக்குக் கற்பூரம் காட்டியே தீரவேண்டும் என்றார் முதலாளி. மறுத்தால், சாமிக்கு ஆகாதவன் என்று சீட்டைக் கிழித்துவிடுவார். அரியலூருக்கு ரயிலில் வந்த மில் சரக்கில் அதேபோன்ற இரும்புப் பெட்டி ஒன்று கூடுதலாக வந்து, காலியாகச் சும்மா கிடந்தது. அதை வெளிகேட் சுவரில் மாட்டி, இதுதான் தலைமைப் பெட்டி, கரண்ட் முதலில் இறங்குவதே இங்கேதான் என்று கூசாமல் புளுகினேன். சந்தனம், குங்குமம், தேங்காய் எல்லாம் அதற்கே கிடைத்தன.

பஞ்சு அள்ளும் அக்கா ஒருத்தி, தா.பழூர்க்காரி, பெட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"இதுக்கு ஒயரே இல்லியே தம்பி?"

பஞ்சுக்குள் நெருப்பு வராமலிருக்கச் செய்த ஏற்பாடு என்று காதோடு காதாகச் சொன்னேன். சிரித்தாளே தவிர யாரிடமும் மூச்சு விடவில்லை.

மறு வருஷம் நல்ல லாபம். முதலாளிக்குப் பக்தி முற்றிவிட்டது. கேட்டில் காட்டிய கையோடு, எரிகிற தாம்பாளத்தை ஏந்திக்கொண்டு கொட்டகையைப் பார்த்து நடந்தார். உள்ளே ஒவ்வொரு மிஷினுக்கும் காட்டவேண்டுமாம். மோட்டார் நின்றிருந்தாலும் தரையெல்லாம் பஞ்சு. குறுக்கே போய் நின்றேன், தள்ளிப் போகச் சொல்லிவிட்டார்.

அப்போது கேட் வாசலில் ஓர் அலறல் கேட்டது. அக்கா கொண்டையை அவிழ்த்துவிட்டு ஆடிக்கொண்டிருந்தாள்.

"டேய், எல்லையில நான் நிக்கிறப்ப நெருப்பு என்னைத் தாண்டி உள்ள போவுமாடா? கீழ வைடா."

முதலாளி தாம்பாளத்தை அங்கேயே மண்ணில் வைத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். இனி இந்த வாசலைத் தாண்டி நெருப்பு போகாது என்று ஆத்தாளிடம் சத்தியமும் செய்தார்.

எல்லாரும் போனபின், நிஜமாகவே சாமிதான் வந்ததா என்று அக்காவைக் கேட்டேன்.

"சாமியாவது ஒண்ணாவது. உள்ள கெடந்து வேவுறது நாங்கதானே தம்பி," என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஆனா மொதலாளிய 'டேய்'னு கூப்புட்டது நல்லாத்தான் இருந்துச்சு," என்றாள்.

அதற்கடுத்த பூஜையில் முதலாளி, யாரும் சொல்லாமலே கேட்டோடு நின்று தாம்பாளத்தை இறக்கிவிட்டார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கொண்டையில் கை வைத்துத் தயாராக நின்ற அக்காவுக்குத்தான் முகம் தொங்கிவிட்டது.