டெடியைப் பழக்கிய வாரம்

நாய்க்குட்டியை வீட்டுக்குள் அசிங்கம் பண்ணாமல் பழக்குவது எப்படி என்று யாராவது கேட்டால் நான் மளமளவென்று சொல்லிவிடுவேன். போன மாதம்கூட என்னோடு வேலை செய்யும் ஒருத்தி பக் நாய்க்குட்டி ஒன்றை வாங்கிவிட்டு, வீடு முழுக்க ஈரத்துணியோடு அலைகிறேன் என்று அழாத குறையாகச் சொன்னாள். தூங்கி எழுந்ததும் வெளியே தூக்கிக்கொண்டு போ, தினமும் ஒரே இடத்தில் விடு, அடிக்காதே, துடைத்த துணியைக் கொண்டுபோய் அந்த இடத்திலேயே போட்டு வை என்றேன். பத்து நாளில் குட்டி பழகிவிட்டது. அவள் இனிப்பு வாங்கிக்கொண்டு வந்து, "இதெல்லாம் எங்க கத்துக்கிட்டே?" என்று கேட்டாள். "சின்ன வயசுல எங்க வீட்ல ஒண்ணு இருந்துச்சு" என்று சொல்லிவிட்டு இனிப்பை வாயில் போட்டுக்கொண்டேன். கற்றுக்கொடுத்தவளின் பெயரைச் சொல்ல இன்றைக்கும் எனக்கு வாய் வருவதில்லை.

எங்கள் ஊர் பாலக்கோட்டுக்குப் பக்கம். தக்காளிதான் பிழைப்பு. நான் ஐந்தாம் வகுப்பு படித்தபோது பெங்களூரில் இருந்த மாமா, அதாவது அம்மாவின் தம்பி, ஒரு பொமேரியன் குட்டியைத் துணிப்பையில் வைத்து பஸ்ஸில் கொண்டுவந்தார். அவர் குடியிருந்த வீட்டுக்காரர் நாய் கூடாது என்று சொல்லிவிட்டாராம். வெள்ளை வெளேரென்று, கண் எது மூக்கு எது என்று தெரியாத அளவுக்கு முடி. மாமா மகள் ஏற்கெனவே டெடி என்று பெயர் வைத்திருந்தாள்.

தோட்டத்துக் காவலுக்கு எங்களிடம் ஒரு நாய் இருந்தது. ஏழெட்டு வருஷமாக எங்கள் சோற்றைத் தின்ற அது, ஒரு நாளும் வீட்டு வாசற்படியை மிதித்ததில்லை. டெடியோ வந்த அன்றைக்கே சோபாவில் ஏறிப் படுத்துக்கொண்டது. வீட்டுக்கு வருகிறவர்களெல்லாம் "ஜாதி நாயிங்களா?" என்று கேட்பார்கள். "ஆமாங்க, பெங்களூர்ல இருந்து வந்துச்சு" என்று அப்பா ஏதோ தானே பெற்றெடுத்த மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொல்வார்.

அம்மாவுக்கு அந்தப் பெருமையில் பங்கு உண்டு என்றாலும், அதைவிடப் பெரிய பெருமை ஹாலில் போட்டிருந்த டைல்ஸ். வீடு கட்டி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. டெடி அந்த டைல்ஸைத் தேடித் தேடி நனைத்தது. டிவிக்கு அடியில், பீரோவுக்குப் பக்கத்தில், ஒரு தடவை அப்பாவின் செருப்பின் மேலேயே. அம்மா பழைய துணி ஒன்றை எடுத்து, நனைந்த இடத்தை மட்டும் அழுத்தித் துடைத்துவிட்டுத் திட்டிக்கொண்டே போவாள். மூன்றாம் நாள் என்னைக் கூப்பிட்டு முடிவாகச் சொன்னாள்.

"இதா பாரு, ஞாயித்துக்கெழம ஒங்க மாமன் வர்றான். அதுக்குள்ள இது பழகலைன்னா அவங்கூடவே அனுப்பிடுவேன். யாருக்காச்சும் குடுத்துக்கட்டும்."

அன்றைக்குத் திங்கட்கிழமை. ஒரே வாரத்தில் நான் டெடியைப் படித்த பிள்ளையாக்க வேண்டும். மிரட்டிப் பார்த்தேன். மூக்கைப் பிடித்துத் தரையில் தேய்த்தேன். பேப்பர் விரித்து வைத்தேன். டெடி பேப்பரையெல்லாம் நார் நாராகக் கிழித்துப் போட்டுவிட்டு, பக்கத்தில் பளிச்சென்று இருந்த டைல்ஸில் வேலையை முடித்தது. மறுநாள் பள்ளிக்கூடத்தில் அழுதேன்.

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் நந்தினி. வகுப்பில் கணக்கில் அவள்தான் முதல், அவளைப் பார்த்து எழுதுவதில் நான் முதல். எங்கள் தோட்டத்துக்குத் தக்காளி பறிக்க வரும் பெண்களில் அவள் அம்மாவும் ஒருத்தி. ஏரிக்கு அந்தப் பக்கம் இருந்த காலனியில் அவர்கள் வீடு. நான் அழுத காரணத்தைக் கேட்டதும் நந்தினி சிரித்துவிட்டாள்.

"நாயி மேல தப்பு இல்லடி. ஒனக்குத்தான் பழக்கத் தெரியல. எங்க வூட்டுக் கருப்பன் ஒரே வாரத்துல பழகிடுச்சு."

அன்று சாயங்காலமே எங்கள் வீட்டுப் பின்பக்கம் வந்து நின்றாள். துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, வாத்தியார் மாதிரி ஒவ்வொன்றாகச் சொன்னாள். நான் உள்ளே ஓடிப்போய்ச் செய்துவிட்டு வந்து ஒப்பித்தேன். பால் குடித்ததும் தூக்கிக்கொண்டு வந்து கறிவேப்பிலைச் செடிக்கு அடியில் விட வேண்டும். அது போகிறவரைக்கும் பேசக் கூடாது. போய் முடித்ததும் ஒரு துண்டு பிஸ்கட். உள்ளே போய்விட்டால் திட்டக் கூடாது, துடைத்த துணியைச் செடிக்கு அடியில் போட வேண்டும். "அதோட வாசன அங்கதான் இருக்கணும். அப்பத்தான் அதுக்கு எடம் புரியும்" என்றாள்.

நாலு நாள் வந்தாள். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. ஒரு நாள் நந்தினிக்குக்கூட டீ கொடுத்தாள். அவள் அம்மாவுக்கு ஊற்றும் டம்ளர் துவைக்கும் கல்லின் மேல் எப்போதும் கவிழ்ந்தே இருக்கும். அதிலேயே ஊற்றினாள். நந்தினி குடித்துவிட்டுக் கழுவி, இருந்த மாதிரியே கவிழ்த்து வைத்தாள். என் அம்மா நல்லவள் என்று எனக்கு அன்றைக்கு ஒரே சந்தோஷம். இப்போது எழுதும்போது கை கூசுகிறது.

சனிக்கிழமை மத்தியானம் அம்மாவும் அப்பாவும் மொபெட்டில் பாலக்கோடு போயிருந்தார்கள். நந்தினி வந்தாள். டெடி ஹாலில் தூங்கிக்கொண்டிருந்தது. அது தூங்கி எழுந்து, யாரும் தூக்காமல், தானாகவே பின்கதவுக்கு வருகிறதா என்று பார்ப்பதுதான் பரீட்சை. அதற்கு உள்ளே உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

"உள்ள வா" என்றேன்.

"வேணாம். நீ பாத்துட்டு வந்து சொல்லு."

"வாடி. அம்மா இல்ல."

"இல்லன்னாலும் வேணாம்."

எனக்குக் கோபம் வந்தது. பழக்கியது அவள், பார்க்காமல் போனால் எப்படி? கையைப் பிடித்து இழுத்தேன். அவள் செருப்பைப் பின்படியில் கழற்றினாள். குழாயடிக்குப் போய்க் கணுக்கால் வரைக்கும் தேய்த்துத் தேய்த்துக் காலைக் கழுவினாள். பாவாடையிலேயே துடைத்துக்கொண்டு உள்ளே வந்து, சோபாவில் உட்காரச் சொன்னதற்குத் தலையை ஆட்டிவிட்டு, சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்தாள்.

கொஞ்ச நேரத்தில் டெடி எழுந்தது. உடம்பை முறுக்கியது. டிவிப் பக்கம் நாலடி நடந்து தரையை மோந்தது. எனக்கு உயிரே போய்விட்டது. நந்தினி என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். டெடி சட்டென்று திரும்பி, குடுகுடுவென்று பின்கதவுக்கு ஓடி, நகத்தால் கதவைப் பிறாண்டியது. நான் கதவைத் திறந்தேன். நேராகக் கறிவேப்பிலைச் செடிக்குப் போய்க் காலை மடக்கி உட்கார்ந்தது. இரண்டு பேரும் கையைக் கோத்துக்கொண்டு ஹாலில் குதித்தோம். அப்படியொரு சந்தோஷம் எனக்கு அதற்குப் பிறகு பத்தாவது பாஸானபோதுகூட வரவில்லை.

குதித்துக்கொண்டிருக்கும்போதே, அப்பா வாசலில் இறக்கிவிட்டுத் தோட்டத்துக்குப் போக, அம்மா முன்கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தாள்.

அம்மா கத்தவில்லை. நந்தினியைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். "இவள யாரு உள்ள கூப்புட்டது?" என்று கேட்டாள். குரலில் கோபம்கூட இல்லை. ஆனால் அந்த முகத்தைப் பார்த்ததும் ஏதோ பெரிய தப்பு நடந்துவிட்டது என்று தெரிந்தது. என்ன தப்பு என்று தெரியாமலே அதிலிருந்து தப்பித்துக்கொள்ளப் பார்த்தேன்.

"நான் கூப்புடல. அவளேதான் வந்துட்டா."

நந்தினி என் கையை விட்டாள். அதுவரைக்கும் கையைப் பிடித்திருந்தாள் என்பது விட்டபோதுதான் எனக்குத் தெரிந்தது. "போம்மா, ஒங்கம்மா தேடும்" என்று அம்மா தன்மையாகத்தான் சொன்னாள். நந்தினி செருப்பைக்கூடப் போடாமல் பின்பக்கமாக ஓடிவிட்டாள்.

அம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டாள். பக்கெட்டில் தண்ணீர் பிடித்து மஞ்சள்தூளைக் கரைத்தாள். ஹாலின் ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரைக்கும் ஊற்றிக் கழுவ ஆரம்பித்தாள். நந்தினி உட்கார்ந்திருந்த சுவரோரத்தை இரண்டு தடவை கழுவினாள்.

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. ஒரு வாரம் பாடுபட்டு, டெடி முதல் தடவையாகச் சரியாகப் போயிருக்கிறது, அந்த நாளில் பார்த்தா வீட்டையே கழுவ வேண்டும்? மஞ்சள் தண்ணீரில் வழுக்கி வழுக்கி அம்மாவின் பின்னாலேயே ஓடினேன்.

"ஏம்மா கழுவுற? உள்ள ஒண்ணுமே அசிங்கம் பண்ணலம்மா! வெளியதாம்மா போச்சு! வேணும்னா வந்து பாரு!"

அம்மா நிமிரவே இல்லை. நான் தொண்டை கிழியக் கத்திக்கொண்டே பின்கதவுப் பக்கம் திரும்பினேன். நந்தினி செருப்பை எடுக்கத் திரும்பி வந்து படியில் நின்றிருந்தாள். படி வழியாக மஞ்சள் தண்ணீர் இறங்கி அவள் செருப்பைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, வெறுங்காலோடு போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மாமா வந்தார். டெடி அவர் கண்முன்னாலேயே கதவைப் பிறாண்டி வெளியே போய்விட்டு வந்தது. "எம்பொண்ணு ஒரே வாரத்துல பழக்கிட்டா" என்று அம்மா என் தலையைக் கோதினாள். மாமா எனக்கென்று மைசூர்பாக் கொடுத்தார். நான் மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. டெடி எங்கள் வீட்டிலேயே தங்கியது.

திங்கட்கிழமை நந்தினி வேறு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். நான் பொய் சொன்னதற்குத்தான் கோபம் என்று எனக்குப் புரிந்தது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு மைசூர்பாக்கை இரண்டாக உடைத்து, பாதியை அவளிடம் நீட்டினேன். அவள் வாங்கவில்லை. சமாதானம் பண்ண வேறு வழி தெரியாமல், எங்கள் இரண்டு பேருக்கும் பொதுவான அநியாயத்தை எடுத்துச் சொன்னேன்.

"டெடி ஒரு சொட்டுகூட உள்ள விடல. ஆனாலும் எங்கம்மா வூடு பூரா கழுவுச்சு, பாத்தியா? ஏன்னே தெரியல."

"எனக்குத் தெரியும்" என்றாள் நந்தினி.

"ஏன்?"

 அவள் தட்டை எடுத்துக்கொண்டு கழுவப் போய்விட்டாள். எங்கள் வீட்டு விஷயம், எனக்கே தெரியாதது, இவளுக்கு எப்படித் தெரியும் என்று யோசித்துக்கொண்டே, அவள் வாங்காத பாதியையும் நானே தின்று முடித்தேன்.