கம்பம் அடிவாரத்தில் வந்த நீலப் புகை

குழந்தைகளே, இது சில வருஷங்களுக்கு முன், மழை ஓய்ந்த ஒரு தை மாதத்தில், குமுளியிலிருந்து கம்பத்துக்கு இறங்கும் மலைப்பாதையில் நடந்தது. வண்டிப்பெரியாருக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் மோட்டார் டிரைவர்.

தோட்டத்தில் இருந்தது மேனேஜர் துரையின் பழைய கார் ஒன்றுதான். ஓட்ட இரண்டு பேர்; நானும், எனக்குப் பின்னால் வேலைக்கு வந்த ஒருவனும். அவன் வந்த நாளிலிருந்து எனக்கு வயிற்றெரிச்சல். பாடிக்கொண்டே ஓட்டுவான். பிள்ளைகளை ஹாரன் அமுக்க விடுவான். என் பிள்ளைகளே என்னை விட்டுவிட்டு, "மாமா, மாமா" என்று அவன் பின்னால் ஓடும்.

துரை புதுக் கார் வாங்கினார். அதை அவன்தான் ஓட்டவேண்டும் என்றும் சொல்லிவிட்டார். கம்பத்துக்கு வந்திருந்த அந்தக் காரை எடுத்துவரத் துரையைப் பின் சீட்டில் ஏற்றிக்கொண்டு பழைய காரில் கிளம்பினோம். அவன் ஓட்டினான். பழையதைத் திருப்பிக் கொண்டுவருவதற்காக நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். வழி நெடுக அவன் பாட்டு. எனக்குக் காது கூசியது.

அடிவாரத்தில் வேகம் கொடுத்தான். பின்னால் குபுகுபுவென்று நீலப் புகை! அவ்வளவு புகையைத் துரை பார்த்தது அன்றுதான்.

"நிறுத்து! இஞ்சினைக் கெடுத்துட்டே. உனக்குப் புதுக் கார் கிடையாது!" என்று கத்தினார்.

அவன் முகம் சுண்டிவிட்டது. "நான் ஒண்ணும் செய்யல தொரை. அண்ணாச்சி, நீங்களாச்சும் சொல்லுங்களேன்."

துரை என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லு. இவன் தப்பா?"

ஆமாம் என்று தலையாட்டினால் போதும், புதுக் கார் எனக்கு. தலையும் ஆடத்தான் பார்த்தது. ஆனால் எனக்குத் தெரியுமே! இறக்கத்தில் பிரேக்கை மட்டும் நம்பாமல், கியரில் பிடித்து, ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலைத் தூக்கிக்கொண்டு இறக்கவேண்டும். தேய்ந்த இஞ்சின் அப்போது அடியிலுள்ள ஆயிலை மேலே உறிஞ்சிக்கொள்ளும். சமதளத்தில் மிதித்ததும் அது எரிந்து நீலமாக வரும். நான் இறக்கியிருந்தாலும் புகைந்திருக்கும்.

"இஞ்சினுக்கு வயசாயிட்டு தொரை. இவன் கியர்ல இறக்குனதுதான் முறை. கொஞ்ச தூரம் போனா புகை நின்னுரும்," என்றேன்.

சொன்னபடியே ஊருக்குள் நுழையுமுன் புகை நின்றுவிட்டது.

திரும்பும்போது அவன் துரையோடு புதுக் காரில் முன்னால், நான் பழையதில் அவன் கிளப்பிய புழுதியில். நாங்கள் குடியிருக்கும் லயத்தில் என் சின்னவன் ஓடிவந்து புதுக் காரின் ஹாரனை அமுக்கினான்.

"அண்ணாச்சி, ஒரு சுத்து நீங்க ஓட்டுங்களேன்," என்றான் அவன்.

"எனக்குச் சோலி கிடக்கு," என்று நடந்துவிட்டேன்.

இன்றைக்கும் அந்தக் கார் கடந்து போனால் என் வயிறு எரியத்தான் செய்கிறது. ஆனாலும் அன்று அடிவாரத்தில் உள்ளதைச் சொன்னதால்தான், பொய் சொல்லாதே என்று என் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்து என்னால் சொல்ல முடிகிறது.