ஸ்பெஷலுக்கு மூன்று ஓட்டை

நான் ஒரு முட்டாள். அதிலும் சாதா முட்டாள் இல்லை, ஸ்பெஷல் முட்டாள். ஐம்பதுகளில் வந்த ஒரு பழைய அமெரிக்கக் காரை, அதன் பக்கவாட்டில் வெள்ளி எழுத்தில் ‘ஸ்பெஷல்’ என்று போட்டிருந்த ஒரே காரணத்துக்காக வாங்கினேன். எங்கள் ஊர் ஓட்டல் பலகையில் சாதா தோசைக்குக் கீழே ஸ்பெஷல் தோசை இருக்கும். விலையும் கூட, முந்திரியும் கூட. அந்தப் படிப்பை நம்பி டெக்சஸில் கார் வாங்கியவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

ஆலன் என்ற ஊரில் எங்கள் வீட்டு கராஜில் ஒரு பாதி முழுக்க அரிசி மூட்டை, அட்டைப்பெட்டி, காற்றுப்போன சைக்கிள். மறு பாதியில் மனைவியின் கார் நிற்கும். வசந்தம் வந்தால் இங்கே ஆலங்கட்டி எலுமிச்சம்பழ அளவுக்கு விழும். வெளியே நிற்கிற காரின் கூரை பணியாரச் சட்டி ஆகிவிடும். அந்த இடத்தைத்தான் அவளிடம் கேட்டேன்.

“டாப் மாடல்மா. இதைப் போய் வெளிய விடலாமா?”

“நெஜமா டாப்பா?”

“பேரே ஸ்பெஷல்.”

விட்டுக்கொடுத்துவிட்டாள். அவள் கார் வெளியே, வாசல் டிரைவ்வேக்குப் போனது.

அடுத்த ஞாயிறு காலை, பழைய கார் வைத்திருப்பவர்கள் கூடுகிற ஒரு பார்க்கிங் லாட்டுக்கு இருவரும் போனோம். பக்கத்திலேயே அதே கம்பெனி, அதே வருஷத்துக் கார். மனைவி காபியும் கையுமாக இரண்டையும் சுற்றி வந்தாள்.

“அதுல சைடுல நாலு ஓட்டை இருக்கு. நம்மளதுல மூணுதானே?”

“நம்ம இன்ஜினுக்கு மூச்சு வாங்காதும்மா. மூணே போதும்.”

அந்தக் காரின் உரிமையாளர், தொப்பி வைத்த வெள்ளைக்காரப் பெரியவர், எங்கள் விரல் போன திசையைப் பார்த்து விளக்கினார். முன்சக்கரத்துக்கு மேலே அழகுக்கு வைத்த அந்த ஓட்டையை எண்ணினாலே காரின் அந்தஸ்து தெரியுமாம். உச்சியில் ரோட்மாஸ்டர். அதற்குக் கீழே சூப்பர், பிறகு செஞ்சுரி, இவற்றுக்கெல்லாம் நான்கு. எல்லாவற்றுக்கும் அடியில், மூன்றோடு, ஸ்பெஷல்.

எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும். வந்தது கேள்விதான். சூப்பருக்கு மேலேயும் ஒன்று உண்டா? நம் ஊரில் சூப்பர் என்று சொல்லிவிட்டால் பேச்சே முடிந்ததே. அடிமட்டத்துக்குப் போய் எவன் ஸ்பெஷல் என்று பெயர் வைத்தான்? அவரிடமே கேட்டேன்.

“‘ஆர்டினரி’ன்னு எழுதியிருந்தா நீ வாங்கியிருப்பியா?” என்ற அர்த்தத்தில் ஆங்கிலத்தில் திருப்பிக் கேட்டார். வேறொரு கம்பெனியில் ‘கஸ்டம்’, அதாவது ஆர்டர் கொடுத்துச் செய்தது என்ற பெயர்தான் கடைசிப் படி என்றும் சொன்னார். டீலக்ஸ் பஸ்ஸில் ஏறி இடுப்பு பிடித்துக்கொண்டவன் நான். எனக்கு உடனே புரிந்தது. இன்னும் நாலு பெயர் கேட்டேன். மனைவி எங்கள் காரின் ஓட்டைகளை மறுபடி ஒருமுறை எண்ணினாள். அதுதான் பயமாக இருந்தது.

வீட்டு வாசலுக்கு வந்தபோது அவள் போன் கத்தியது: சாயங்காலம் ஆலங்கட்டி மழை. கராஜ் கதவு மேலே ஏறியது. நான் ஸ்டியரிங்கை விடவில்லை.

“என்ன இருந்தாலும் பேர்ல ஸ்பெஷல் இருக்கும்மா.”

இறங்கி, கராஜுக்குள் விடத் தன் கார் சாவியை எடுத்தாள்.

“சாதா வெளிய நிக்கட்டும்.”